உள்ளிருந்து தள்ளும் கதவு

போன மாசம் பாபு போன் செய்தான். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது என் இடத்தில் இருப்பவன். "அண்ணே, நம்ம கடைசி வேலியையும் கழட்டிட்டாங்க. இனிமே கம்பி வலையே கிடையாதாம். தரையில ஒரு கோடு, மூலைக்கு ஒரு சென்சார் கண்ணு. ஆளு கோட்டைத் தாண்டுனா ரோபோ தானா நின்னுடும்" என்றான். கூடவே, ரிடையர் ஆனவர்களின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு மலர் போடுகிறார்களாம், நானும் எழுதித் தர வேண்டுமாம். "வேலி போட்டதைப் பத்தி எழுதுங்கண்ணே, இப்ப வரவங்களுக்கு அது இன்னான்னே தெரியாது."

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் கம்பெனிக் கதைக்குள் ஆடு புகுந்துவிடுகிறது. விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. எனவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். பாபு வேண்டாததை வெட்டிக்கொள்ளட்டும்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ரோபோக்கள் வெல்டிங் செய்யும் இடத்தைச் சுற்றி வேலி போடுவது. கார் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "வேலி போடுறேன்" என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் மாமனார் சாகும்வரைக்கும் நான் அங்கே தோட்டக்காரன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் ஐடிஐ படித்தேன், பிட்டர். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்த புதிதில் உள்ளே நுழைந்தேன். ரோபோ வந்ததும் என்னை வேலிக்குத் தள்ளினார்கள். அதற்குப் பிறகு ரிடையர் ஆகும் வரை மஞ்சள் சட்டம், கறுப்பு வலை, கம்பம், போல்ட், கதவு, இதுதான் என் வாழ்க்கை.

நான் ரிடையர் ஆன உடனே என் மனைவி ரெஜினா ஆடு வாங்கினாள். "ஆடு வாங்கலாமா" என்று அவள் என்னைக் கேட்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையற்கட்டில் பல வருஷம் நின்றவள். அடுப்பை விட்டுக் காற்றாட ஒரு வேலை செய்ய வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம் அவள் வீட்டு வழியில் வந்த ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் கோவிந்தனின் கத்திரித் தோட்டம். இன்னொரு பக்கம் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்ட ரூம் வரிசை. முன்னால் கன்டெய்னர் லாரி ஓடும் ரோடு. அந்த ரோடுதான் எங்கள் பயம். வாங்கியது செவலைச் செம்மறிகள், சின்ன மந்தை. அதில் முன்னால் நடப்பவளுக்கு ரெஜினா வைத்த பெயர் பெரியவ.

வேலிக்குச் சாமான் தேடி ஒரகடம் காயலான் கடைக்குப் போனேன். அங்கே எங்கள் கம்பெனி மஞ்சள் வலைகள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொரு உற்பத்தி லைனாக மாற்றிக் கழித்துப்போட்டவை. சட்டத்தின் மூலையில் நான் பஞ்ச் அடித்த குறிகூட அழியாமல் இருந்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று புரியவில்லை. கடைக்காரர், "இன்னா பெருசு, எடுக்கறியா, சும்மா பாத்துனு நிக்கறியா" என்றார். எடுத்தேன்.

கம்பெனியில் கம்பத்தை காங்கிரீட்டில் போல்ட் போட்டு நிறுத்துவோம். இங்கே மண். முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, உடைந்த செங்கல் போட்டு இடித்து நட்டேன். கம்பம் அவ்வளவு உள்ளே போனதால் வேலியின் உயரம் குறைந்தது. ஆட்டுக்கு இது போதும் என்று வலைகளை அளவாக வெட்டினேன். கதவையும் அடியில் வெட்டிக் கீழே இறக்கினேன். வலை பத்தாத இடத்தில் சரக்கு அடுக்கும் பேலட் பலகை. அதைக் கட்டியது பெட்டி கட்டும் நீல பிளாஸ்டிக் பட்டை. குட்டி நழுவாமலும் நாய் நுழையாமலும் இருக்க அடியில் பழைய கன்வேயர் ரப்பரைச் சுற்றிலும் ஓடவிட்டேன். கூரைக்கு பிளாட் விற்கிற ப்ளெக்ஸ் பேனர் ஒன்று கிடைத்தது. புது வீட்டு வாசலில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கும். அதன் நிழலில்தான் எங்கள் ஆடுகள் அசைபோட்டன.

கதவை மட்டும் கம்பெனியில் இருந்தபடியே எல்லாச் சாமானோடும் மாட்டினேன். கை விட்டால் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல், மூடியதும் டக்கென்று விழும் தாழ்ப்பாள் நாக்கு, வெளிக் கைப்பிடியில் பூட்டு. ரெஜினா சுற்றிவந்து பார்த்தாள். "ஜெயிலு மாதிரி கீது" என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

பிரச்சினை சில வாரம் கழித்து ஆரம்பித்தது. விடியும்போது கோவிந்தன் வாசலில் நின்றான்.

"ஆரோக்கியம், உன் ஆடு என் கத்திரில கீது."

"வாய்ப்பே இல்லடா. பூட்டினு கீது பாரு."

"அப்ப என் தோட்டத்துல மேயறது இன்னா, என் மாமியாரா?"

போய்ப் பார்த்தேன். கதவு மூடியிருந்தது. தாழ்ப்பாள் விழுந்திருந்தது. பூட்டு போட்டது போட்டபடி, சாவி என் இடுப்பில். பாதி ஆடு உள்ளே, பாதி வெளியே. பெரியவ கத்திரிச் செடியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

எங்காவது சந்து இருக்கும் என்று ஒவ்வொரு கம்பமாகத் தட்டிப் பார்த்தேன். ரப்பரைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திருடனோ என்று நினைத்தேன். திருடன் ஆட்டை வெளியே விட்டுவிட்டு, கதவை மூடிப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு ஏன் போவான்? கோவிந்தன் வேலையோ என்றும் ஒரு சந்தேகம். தன் கத்திரியைத் தானே மேயவிட அவனுக்கென்ன பைத்தியமா? தாண்டியிருக்குமோ? சினை ஆடு என் நெஞ்சு உயர வேலியைத் தாண்டுமா? ஒரு ராத்திரி கட்டில் போட்டுக் காவல் இருந்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன். காலையில் ஆடு வெளியே. கதவு மூடியிருந்தது. வேலி போட்டே முடி நரைத்தவன், என் வேலி முன்னால் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் ஒரு நாள் விடிகாலையில் ஒரு இளம் ஆடு ரோட்டுக்குப் போய்விட்டது. லாரிக்காரன் நிற்கவே இல்லை. ரெஜினாதான் போய்த் தூக்கிவந்தாள், புடவையெல்லாம் ரத்தம். அழவில்லை. குழி வெட்டிப் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஆட்டு ஏவாரிகிட்ட சொல்லிட்டேன். வர சந்தைக்கு எல்லாத்தையும் ஏத்திடலாம்."

"கொஞ்சம் பொறு, ரெஜி. எப்படிப் போவுதுன்னு கண்டுபுடிக்கறேன்."

"பெரியவ சினையா கீது. அதையும் ரோட்டுல அள்ள என்னால முடியாதுய்யா. வேலி போடத் தெரிஞ்சவன்னு உன்ன நம்புனேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். சந்தைக்கு இருந்தது ஒரு வாரம் கூட இல்லை.

அப்போதுதான் கவிதா மேடம் ஞாபகம் வந்தது. எங்கள் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். என்னைவிட ரொம்பச் சின்னவர். என்னை அண்ணா என்பார், ஆனால் வேலையில் அண்ணன் தம்பி கிடையாது. வேலி போட்டு முடித்ததும் மற்ற அதிகாரிகள் வெளியே நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். மேடம் அப்படி இல்லை. கை பருமனில் ஒரு பிவிசி பைப் வைத்திருப்பார். எந்தச் சந்தில் அது நுழைகிறது, நுழைந்தால் எவ்வளவு தூரம் போகிறது என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார். பேச மாட்டார். நுழைந்துவிட்டால் பைப்பை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வலைக்குப் போய்விடுவார். பைப் தொங்குவதைப் பார்த்து நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியில் உள்ளே போவார். "அண்ணா, பூட்டுங்க" என்பார். ரோபோ கரன்ட் இல்லாமல் தலை குனிந்து நிற்கும். நான் வெளியே பூட்டுவேன். மேடம் உள்ளே கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். எதற்கு நிற்கிறார் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சாப்பாட்டு நேரம் போகிறதே என்று எரிச்சல்தான் வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். "வெளியிலிருந்து பாத்தா வேலி தெரியுது அண்ணா. உள்ள நின்னாதான் வழி தெரியும்" என்றார். பிறகு கதவின் உட்புறம் இருக்கும் சிவப்புக் கம்பியைத் தள்ளுவார்.

அந்தக் கம்பி எதற்கு என்றால், யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியே வருவதற்கு. வெளியே எத்தனை பூட்டு தொங்கினாலும் சரி, உள்ளே இருப்பவன் தள்ளினால் நாக்கு இழுத்துக்கொண்டு கதவு திறக்கும். திறந்த உடனே கரன்ட் போய் ரோபோ நிற்கும். சரியாகக் கை வைக்கிற உயரத்தில் இருக்கும். அது இல்லாத கதவை நான் மாட்டியதே கிடையாது. ஆனால் என் சர்வீஸில் மேடத்தைத் தவிர வேறு யாரும் அதைத் தள்ளி நான் பார்த்ததில்லை. தள்ளியே ஆக வேண்டிய ஒருவன் இருந்தான், அவனும் தள்ளவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் பெயர் சங்கரன். தூத்துக்குடிப் பக்கம். பொண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு ரூமில் தங்கி கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். எங்கள் முறை என்னவென்றால், வேலிக்குள் போகிற ஒவ்வொருவனும் தன் பூட்டைக் கதவில் மாட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் லைனை ஓட்ட முடியாது. நல்ல முறைதான். ஆனால் பூட்டு கொடுத்திருந்தது எங்களைப் போன்ற பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் ஆட்கள் உள்ளே போகக் கூடாது என்பது விதி. கீழே விழுந்த பார்ட்டை எடுக்கப் போவது அவர்கள்தான் என்பது நடைமுறை.

அன்றைக்கு டெக்னீசியன் தன் பூட்டை மாட்டிவிட்டு உள்ளே போனான். அவன் பின்னால் சங்கரனும் போனான். டெக்னீசியன் வேலை முடிந்து வெளியே வந்து, தன் பூட்டை எடுத்து, கதவை மூடி, லைனை ஓட்டிவிட்டான். சங்கரன் வெல்டிங் மேடைக்குப் பின்னால் குனிந்து பார்ட் பொறுக்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். வலைக்குள்ளே கதவோரத்து மூலையில் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். ரோபோ கை ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அவன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகிறது. அவன் கைக்குப் பக்கத்திலேயே சிவப்புக் கம்பி. தள்ளவில்லை. சத்தமும் போடவில்லை. நான் ஓடிப்போய் எமர்ஜென்சி பட்டனை அடித்தேன். எல்லாம் நின்றது. அப்போதும் அவன் தள்ளவில்லை. நான் போய்த் திறந்த பிறகுதான் வந்தான். சட்டைக் கை கிழிந்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

மேடம் அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "கம்பி பக்கத்துலயே இருந்துச்சே, ஏன் தள்ளல?" என்று கேட்டார். அவன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"தள்ளுனா லைன் நிக்கும்லா அண்ணாச்சி. நின்னா யாரு நிப்பாட்டுனதுன்னு கேப்பாவ."

"உயிர் போயிருக்குமேப்பா" என்றேன்.

"டீ டயத்துக்கு எப்படியும் நிக்கும்லா. அதான் நின்னுக்கிட்டேன்" என்றான்.

எல்லாரும் போன பிறகு மேடம் உள்ளே போய், சங்கரன் நின்ற மூலையிலேயே நின்றார். பூட்டச் சொன்னார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நின்றார். பிறகு கம்பியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "சரியாத்தான் வேலை செய்யுது அண்ணா" என்றார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் பூட்டு வேண்டும் என்று போராடி வாங்கிக்கொடுத்தார். மேலே இருந்தவர்கள் கம்பிக்கு மேல் தமிழிலும் இந்தியிலும் பெரிதாக போர்டு எழுதச் சொன்னார்கள். எழுதி மாட்டினேன். சங்கரன் அதைப் படிக்கவில்லை. விதியை மீறி உள்ளே போனான் என்று மறுநாளே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் சொன்ன பதிலை யாரும் எடுத்துப் பேசவில்லை. எனக்கு அது பல வருஷமாக உள்ளே கிடந்து குடைகிறது. அவன் பயந்தானா, கணக்குப் போட்டானா? எதைக் கண்டு அதிகமாகப் பயந்தான்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, ஆட்டுக்கு வருகிறேன். சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆடுகளை அடைத்ததும் ரெஜினாவிடம் சொன்னேன்.

"நானும் உள்ள போறேன். வெளியில பூட்டு."

"உனக்கு இன்னா ஆச்சு?"

"உள்ள நின்னு பாக்கணும்."

"ஆட்டோட ஆடா நிக்கப் போறியா? நில்லு, நில்லு" என்று பூட்டிவிட்டு வெளியே கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆடுகள் முதலில் மிரண்டு ஒதுங்கின. அப்புறம் என்னை ஒரு கம்பமாகவே எடுத்துக்கொண்டன. ஒன்று என் காலில் முதுகைத் தேய்த்தது. ஒன்று என் வேட்டியைச் சப்பியது. ரெஜினா கொட்டாவி விட்டாள். எனக்கும் கால் வலித்தது, வெளியே போய்விடலாம் என்றிருந்தது.

பெரியவ மெல்ல எழுந்தது. அசைபோட்டுக்கொண்டே கதவுப் பக்கம் போனது. விலாவைக் கதவில் வைத்து அரிப்புக்குத் தேய்த்தது. சிவப்புக் கம்பி அதன் விலா உயரத்தில் இருந்தது. நான் கதவின் அடியை வெட்டிக் கீழே இறக்கினேனே, கம்பியும் சேர்ந்து இறங்கியிருந்தது. டக் என்று ஒரு சத்தம். கதவு திறந்தது. பெரியவ ஆச்சரியப்படக்கூட இல்லை, நடந்து போய்விட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் போயின. கடைசி ஆடு தாண்டியதும் ஸ்பிரிங் கதவை இழுத்து மூடியது. நாக்கு விழுந்தது. வெளியே பூட்டு போட்டது போட்டபடி ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே நானும் ஒரு குட்டியும் மட்டும்.

ரெஜினா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. பெரியவ தோட்டத்துப் பக்கம் போகவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

"வாய்யா, ரோட்டுக்குப் போவுது!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

நான் தள்ள வேண்டியதுதான். கம்பி என் தொடைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் கை போகவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நிறுத்துவதற்கு அங்கே லைன் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து அதை அவ்வளவு நேரம் நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணெதிரே ஒரு ஆடு தள்ளிக்கொண்டு போன கம்பி அது.

ஒரு கன்டெய்னர் லாரியின் ஹாரன் கேட்டது. அப்புறம்தான் தள்ளினேன்.

நான் ஓடிப்போவதற்குள் ரெஜினா ரோட்டு ஓரத்தில் முந்தானையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்று எல்லாவற்றையும் மடக்கிவிட்டாள். பெரியவளின் காதைப் பிடித்துத் திருப்பினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தள்ளினு வரதுக்கு இன்னா உனக்கு? அங்கியே நின்னுனு கீறே."

"தெரியல, ரெஜி."

என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் ஏவாரி வண்டியோடு வந்தபோது, "இல்லப்பா, விக்கல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். பெரியவ இரண்டு குட்டி போட்டது. இரண்டும் கோவிந்தனைக் கண்டால் முட்டப் போகின்றன.

கம்பியை என்ன செய்வது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. எடுத்துவிடு, ஆட்டுக்கு எதற்கு என்றாள் ரெஜினா. ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அது இல்லாமல் ஒரு கதவை மாட்ட எனக்கு மனசு வரவில்லை. பயமாகவே இருந்தது என்று சொல்லலாம். "உள்ள நீ தண்ணி காட்டும்போது எவனாவது பூட்டினு போயிட்டா?" என்றேன். "நான் தள்ள மாட்டேன், கத்துவேன்" என்றாள். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மேடம் இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

"எவ்ளோ உயரத்துல இருந்துச்சு அண்ணா?" என்றார்.

"தொடை உயரம், மேடம்."

"மேல ஏத்துங்க" என்றார். இரண்டு பேரும் யாரை நினைத்துக்கொண்டு பேசினோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சட்டத்தில் புதுத் துளை போட்டுக் கம்பியை என் இடுப்புக்கு மேல் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு ஆடும் வெளியே போகவில்லை. தினமும் சாயங்காலம் ஆடுகளை அடைத்துவிட்டு, உள்ளே நின்று கதவைச் சாத்தி, அதை ஒருமுறை தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன். ரெஜினா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வேலியைப் பற்றி எழுதச் சொன்னாய் பாபு, எழுதிவிட்டேன். ஆடு தள்ளாத உயரம் எது என்று தெரிந்துகொண்டேன். சங்கரன் தள்ளியிருக்கக்கூடிய உயரம் எது என்றுதான் இன்னும் தெரியவில்லை. உங்கள் புது லைனில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.